வண்டி இலை

கல்யாண வீடோ சாவு வீடோ, கொட்டாரம் பக்கத்து ஆட்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், பேச்சு எப்படியாவது எங்கள் பழைய கடைக்கு வந்துவிடும். வண்டியில் இருந்தபடியே சாப்பிட்டோமே, வண்டியில் இருந்தபடியே படம் பார்த்தோமே, அந்தச் சுகம் இப்போது எங்கே கிடைக்கிறது என்பார்கள். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். நான் பக்கத்தில் இருப்பது தெரிந்தால் என் பக்கம் திரும்பி, "உள்ளதுதானே மயினி?" என்று சாட்சிக்கும் கூப்பிடுவார்கள். நானும் தலையை ஆட்டிவைப்பேன். இந்த வயதில் மறுத்துப் பேசி யாரை என்ன செய்யப் போகிறேன்? ஆனாலும் சாப்பிட்டவர்கள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதையை, கொண்டுபோய்க் கொடுத்தவள் ஒருதரமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி அந்தக் கடைக்கு வந்தேன். வீட்டுக்கு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் வீடு என்று தனியாக ஒன்று இருக்கவில்லை. முன்னால் கடை, நடுவில் அடுக்களை, பின்னால் நாங்கள் படுக்க ஒரு அறை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற ரோட்டில், கொட்டாரம் தாண்டியதும் இருந்தது. கடையை ஒட்டி அரை ஏக்கருக்குக் குறையாத வெற்றிடம். அதில் நான்கு புளியமரம், ஒரு கிணறு, மாடுகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி. அதுதான் எங்கள் வண்டிப்பேட்டை. குமரிக்குக் கடலாடப் போகிறவர்கள் மாட்டை அவிழ்த்து, கொஞ்சம் இளைப்பாறி, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போவது அங்கேதான்.

அந்தக் காலத்தில் நாஞ்சில் நாட்டில் ஓரளவு வசதியுள்ள வீட்டுப் பெண்கள் கடையில் ஏறிச் சாப்பிட மாட்டார்கள். ஏறுவது இருக்கட்டும், வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். ஆண்கள் இறங்கிவந்து பெஞ்சில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவார்கள். பெண்கள் வில்வண்டிக்குள் முன்னும் பின்னும் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த அவலையோ பழத்தையோ மென்றுகொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் என் மாமியார் ஒருநாள் சோற்றை இலையில் போட்டு, இலையை ஒரு மரத்தட்டில் வைத்து வண்டிக்கே கொண்டுபோனாராம். அது பிடித்துக்கொண்டது. நாலு ஊருக்குப் பெயர் பரவிவிட்டது. வழியில் வேறு கடைகள் இருந்தாலும், அந்த இடத்துக்கு வந்தால்தான் நம் வீட்டுப் பெண்களுக்குச் சூடாகச் சோறு கிடைக்கும் என்று ஆண்கள் மாட்டை விரட்டிக்கொண்டு வருவார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. திரைக்குள் ஆண் கை நீளக் கூடாது. பெண்தான் கொடுக்க வேண்டும். கூலிக்கு ஒருத்தியை வைத்தால் அவள் யார், என்ன சாதி என்று கேள்வி வரும். அதனால் அது கடைக்காரன் வீட்டுப் பெண்ணுக்கென்றே அமைந்த வேலையாகிவிட்டது. மாமியார் ஒருநாள் காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலையில் மரத்தட்டு என் கைக்கு வந்தது.

"ரெண்டு வண்டி இலை!" என்று என் வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுப்பார். பெஞ்சில் போடுவது வெறும் இலை, வண்டிக்குப் போவது வண்டி இலை. வண்டி இலைக்குத் தனிச் சட்டம் இருந்தது. மாட்டை அவிழ்த்தால் வண்டி முன்பக்கம் தாழ்ந்துவிடும். தாங்குகட்டை கொடுத்து நிறுத்தினாலும் உள்ளே தரை கொஞ்சம் சரிவாகத்தான் இருக்கும். இலையில் ஓடுகிற எதையும் ஊற்ற முடியாது. அதனால் வண்டி இலைக்கு ரசம் கிடையாது, மோர் கிடையாது. தேங்காய் வறுத்தரைத்து வைக்கிற தீயல் குழம்பை இறுக்கமாக வைக்க வேண்டும். துவையல், பப்படம், அவியல். காலை நேரமென்றால் புட்டும் பயறும். இந்த இறுக்கமான தீயலைத்தான் இன்றைக்கும் சிலர் நாக்கைச் சப்புக்கொட்டிப் பேசுகிறார்கள். ருசிக்காக இறுக்கியது என்று நினைப்பு.

அடுக்களையிலிருந்து கடைசிப் புளியமரத்துக்கு நூற்றிருபது எட்டு எடுத்துவைக்க வேண்டும். பலநாள் எண்ணியிருக்கிறேன். ஒரு வண்டிக்கு ஐந்து நடை போக வேண்டும். இலைக்கு ஒன்று, குடிக்கத் தண்ணீருக்கு ஒன்று, மறுசோற்றுக்கு ஒன்று, கை கழுவிவிட ஒன்று, எச்சில் இலை எடுக்க ஒன்று. "இலை வந்திருக்கு அம்மா" என்று சொல்லி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பேன். திரை விலகி ஒரு கை வரும். எனக்கு முகங்கள் தெரியாது. கைகளைத்தான் தெரியும். தேரூர்ப் பக்கத்துப் பெரிய வீட்டு அம்மா ஒருவர் அமாவாசை தவறாமல் வருவார். கையில் வளையல்களுக்கு நடுவே பழைய தீக்காயத் தழும்பு ஒன்று இருக்கும். தட்டை வாங்கும்போது "பைய, பைய" என்பார். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அதுவே பல வருடம் ஓடியது.

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் பேட்டை கொள்ளாது. வண்டிகள் ரோட்டோரம் வரை நிற்கும். என் வீட்டுக்காரருக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவாது. "ஏட்டி, நிக்கிற வண்டிய எட்டிப் பாரு. அரண்மனையில கூட இம்புட்டு வில்வண்டி நிக்காதாக்கும்!" என்பார். நான் எட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஐந்துமுறை போய்வந்துகொண்டுதானே இருந்தேன்?

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். கை நீட்டியதில்லை, குடித்ததில்லை, என்னை ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. பேட்டை நிறைந்திருந்தால் சந்தோஷம், காலியாக இருந்தால் முகம் வாடிவிடும், அவ்வளவுதான் அவர். என் கால் நோகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மழை பெய்தால் நனையும் என்று தெரிவதுபோலத்தான் அது தெரியும்.

படம் வந்த கதைதான் எல்லாருக்கும் பிடித்த கதை. கும்பப்பூ நெல் அறுத்து முடிந்தால் வயல் காய்ந்து கிடக்கும். ஒரு மாசி மாதம், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்த ஒருவர் எங்கள் கடைக்குப் பின்னாலிருந்த வயலில் சாமான்களை இறக்கினார். பேசாத படம் அது. இரண்டு பனங்கழிக்கு நடுவில் வெள்ளைத் துணியைக் கட்டி, வெளிச்சம் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தண்ணீர் அடிப்பார்கள். தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் கதையைக் கத்திச் சொல்வார். ஆண்கள் வயல் தாளில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். பெண்கள்? படக்காரர் கையைப் பிசைந்தபோது என் வீட்டுக்காரர்தான் யோசனை சொன்னார். "வண்டியத் திருப்பி நிறுத்தினாப் போச்சு. பின்திரைய ஒரு சாண் வெலக்கினா மதி, உள்ள இருந்தே பாத்துக்கிடுவாங்க."

அப்படியே பொழுது சாயும் நேரத்தில் பன்னிரண்டு வண்டிகளைப் பின்பக்கம் துணியைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். மாட்டை அவிழ்க்கிற அவசரத்தில் ஒருவன் தாங்குகட்டை வைக்க மறந்துவிட்டான். வண்டி முன்பக்கமாகக் குப்புற இறங்க, உள்ளே இருந்த ஐந்து பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து வண்டிக்காரன் உட்காரும் இடத்தில் வந்து குவிந்தார்கள். அப்போதும் ஒருத்தியும் வெளியே இறங்கவில்லை. உள்ளே இருந்தபடியே கூச்சல் போட்டார்கள். நான் போய்த் திரைக்கு வெளியே நின்று, "யாருக்காவது அடி பட்டிருக்கா?" என்று கேட்டேன். "அடி கெடக்கட்டு பிள்ளே, வண்டியத் தூக்கச் சொல்லு, படம் தொடங்கியாச்சு!" என்று ஒரு குரல் வந்தது. எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுதோறும் மாசி பிறந்தால் படக்காரர் வந்துவிடுவார். அஞ்சுகிராமத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். படம் பார்த்துக்கொண்டே சாப்பிடுவது என்று ஒரு புதுப் பழக்கமும் ஏற்பட்டது. ஏத்தம்பழ பஜ்ஜி, பருப்புவடை, சுக்குக் காப்பி. ஆக, படம் ஓடும்போதெல்லாம் நான் வண்டிக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஏழெட்டு மாசி மாதங்களில் ஒரு படத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை. போகும்போது ஒருவன் குதிரையில் பாய்ந்து வருவான். திரும்பி வரும்போது குதிரை மட்டும் தனியாக நிற்கும். மறுபடி போனால் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று யாரைக் கேட்பது?

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் பாவம். துணிக்கு முன்பக்கம் வரக்கூடாது என்று விலக்கப்பட்டவர்கள் துணிக்குப் பின்பக்கம் வரப்பில் நின்று பார்த்தார்கள். அவர்களுக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். எங்கள் கடையில் அவர்களுக்குப் பெஞ்சும் கிடையாது, வண்டி இலையும் கிடையாது. பின்வேலி ஓரம் வந்து நின்றால் தேங்காய்ச் சிரட்டையில் காப்பி ஊற்றுவோம். ஊற்றியவள் நான்தான். அன்று எனக்கு அது உறுத்தவில்லை, இப்போது உறுத்துகிறது. பழைய சுகத்தைப் பேசுகிறவர்கள் யாரும் அந்த வரப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஒரே மகள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எனக்கு மேலே படிக்க ஆசை இருந்தது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அதனால் மகளை ஆறு வயதிலேயே வடசேரியில் என் அண்ணன் வீட்டில் விட்டேன். அங்கிருந்து மிஷன்காரர்களின் பெண்பள்ளிக்கு நடந்துபோய் வந்துவிடலாம். அண்ணனும் மதினியும் சொந்தப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு வருவாள். என் காதில் ஆங்கிலப் பாட்டுப் பாடிக் காட்டுவாள்.

அவளுக்குப் பதினொரு வயது ஆனபோது என் வலது முழங்கால் கைவிட்டது. வீங்கிப்போய்க் காலை மடக்க முடியவில்லை. வைத்தியர் எண்ணெய் கொடுத்து, நடக்கக் கூடாது என்றார். நடக்காமல் எப்படி? ஒருநாள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ரொம்பக் கனிவாகச் சொன்னார்.

"பிள்ளைய இங்க கூட்டிட்டு வந்துரலாம். படிச்சது போதும். அவ தட்டை எடுத்தா ஒன் காலுக்கும் ஆச்சு, பேட்டைக்கும் ஆச்சு."

"அவ படிக்கட்டு. டீச்சராவேன்னு சொல்லுகா."

"டீச்சராயி? கெட்டிக் குடுக்கது வரைக்கும் நம்மகூட இருக்கட்டும் பிள்ள. சித்திர லீவுக்கு வருவால்லா, அப்பிடியே நிப்பாட்டிக்கிடுவோம்."

என் கால் வலிக்காகத்தான் சொல்கிறார், அதில் பொய் இல்லை. ஆனால் தட்டு அவள் கைக்குப் போனால் பிறகு அதை யார் வாங்குவார்கள்? எனக்கு வந்ததுபோல அவளுக்கும் வந்துவிடும். வண்டிகள் வருகிற வரைக்கும் அவள் அந்த நூற்றிருபது எட்டை நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான். அன்றிலிருந்து எனக்கு வேறு கவலையே இல்லை. வண்டிகள் வராமல் போக வேண்டும், அல்லது மகள் வராமல் போக வேண்டும். சுசீந்திரம் கோவிலில் எல்லாரும் பிள்ளைவரமும் மழையும் கேட்டு நின்றபோது, பஸ் நிறைய வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ் அந்த ரோட்டில் ஓடத் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரை எஞ்சினுக்கு ஊற்றுவதற்காகப் பேட்டை முன்னால் நிற்கும். தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பயப்படவே இல்லை. "பஸ்ஸுன்னா என்ன, பெரிய வண்டிதானே? அதுல இருக்கப்பட்ட பெண்ணுங்க மட்டும் எறங்கிருவாங்களா?" என்றார். பஸ்ஸின் சன்னல் உயரத்துக்கு எனக்குக் கை எட்டாது என்று ஆசாரியிடம் சொல்லி ஒரு உயரமான ஸ்டூல் செய்து போட்டார். முதல் நாள் பஸ் வந்து நின்றதும் நான் ஸ்டூலில் ஏறி ஏழு இலைகளைச் சன்னல் வழியாகக் கொடுத்தேன். ஏழு தம்ளர் தண்ணீரும் கொடுத்தேன். உள்ளே இருந்த பெண்கள் பழக்க தோஷத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். டிரைவர் தண்ணீரை ஊற்றி முடித்தான், எஞ்சினைக் கிளப்பினான், போய்விட்டான். ஏழு இலையும் ஏழு தம்ளரும் கன்னியாகுமரிக்குப் போய்விட்டன. நான் ஸ்டூல்மேல் நின்றுகொண்டிருந்தேன். இவர் "எலை! எலை!" என்று கத்திக்கொண்டு கொஞ்ச தூரம் பின்னால் ஓடினார்.

சாயங்காலம் திரும்பி வந்த பஸ்ஸில் கண்டக்டர் தம்ளர்களை ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். "தொகையல் நல்லா இருந்துன்னு ஒரு அக்கா சொல்லச் சொன்னா" என்றான். என் வீட்டுக்காரர் அதையே பிடித்துக்கொண்டு மேலும் ஒரு வாரம் முயன்று பார்த்தார். டிரைவர் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் விட்டார்.

ஆனால் பஸ்ஸில் வந்த பெண்கள் இறங்கினார்கள். நான் கண்ணால் பார்த்தேன். பஸ்ஸில் திரை இல்லை, பக்கத்தில் முன்பின் தெரியாத யாரோ உட்கார்ந்திருக்கிறார், பிறகு எதை மறைப்பது? கால் மரத்துப்போய் இறங்குவார்கள். இறங்கியவர்கள் ரோட்டைப் பார்ப்பார்கள், கடையைப் பார்ப்பார்கள், தயங்கித் தயங்கி ஓரப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி உட்கார்ந்தால் நாலு பேர் உட்காருவார்கள். அவர்களுக்காக அந்தப் பெஞ்சைச் சுற்றி ஓலை வைத்து மறைத்தேன். நாகர்கோவிலில் பேசும் படத்துக்குக் கொட்டகை வந்து, பெண்களுக்குத் தனி இடமும் தடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். நம் படக்காரர் அந்த மாசியில் வந்தார். இரண்டே வண்டிதான் திரும்பி நின்றது. அடுத்த மாசியில் அவர் வரவில்லை. சிரமப்படுகிற வீட்டார் முதலில் வண்டியை விட்டார்கள், பிறகு நடுத்தர வீட்டார். பெரிய வீட்டார் மட்டும் விடவில்லை. அமாவாசைக்கு நின்ற அறுபது வண்டி பத்து வண்டியாகக் குறைந்தது. ஆனால் பத்து வண்டிக்கு நடந்தாலும் தூரம் அதேதான்.

அந்தச் சித்திரை விடுமுறைக்கு மகள் வந்தாள். அவர் சொன்னபடியே செய்தார். மறுநாளே தட்டு அவள் கைக்குப் போயிற்று. சித்திரா பௌர்ணமியன்று தேரூர் அம்மா வண்டி வந்தது. நான் காலை நீட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மகள் தட்டோடு ஓடினாள். திரை விலகிக் கை வந்தது. தட்டை வாங்காமல் மகளின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இது யாரு பிள்ளே, புதுக் கையால்லா இருக்கு?"

"எம் மவளாக்கும் அம்மா" என்று நான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன்.

"நல்லதாப் போச்சு. இனி ஒனக்கு விடுதல. எளங்காலு, ஓடிக் கொண்டுவந்திரும்."

அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். மகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது. புதுக் கைகள், கொலுசுச் சத்தம், திரைக்குள்ளிருந்து வரும் பன்னீர் வாசனை, எல்லாரும் பெயர் கேட்டுப் பாராட்டுவது. பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பிடிக்காமல் இருக்குமா? அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளி திறக்கிற அன்று காலையில், அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவளை முதல் பஸ்ஸில் ஏற்றி வடசேரிக்கு அனுப்பினேன். சாக்கில் தம்ளர் கொண்டுவந்து கொடுத்த அதே கண்டக்டரிடம், அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் குளித்துவிட்டு வந்து, "பிள்ள எங்க?" என்றார். சொன்னேன். ஈரத் துண்டோடு ரோட்டுவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அடுத்த அமாவாசைக்கு மூன்று வண்டி வந்தது. "மூணு வண்டி இலை!" என்று அவர் குரல் கொடுத்தார். நான் எழுந்திருக்கவில்லை. உள்ளே வந்தார்.

"என்னட்டி?"

"எனக்கு முடியல்ல. பசிச்சவங்க எறங்கி வரட்டும்."

"ஏட்டி, மானம் போயிரும். இந்தப் பேட்டையில இன்னைக்கு வரை ஒருத்தியும் வண்டியவிட்டு எறங்கினதில்ல."

"அப்பம் நீங்க கொண்டுபோங்க."

அவரால் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். கடைசியில் நானே எழுந்தேன். தட்டை எடுக்காமல் வெறுங்கையோடு நொண்டிக்கொண்டு போனேன். தேரூர் அம்மாவின் வண்டிக்குப் பின்னால் நின்று, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் சொன்னேன். "அம்மா, இனி வண்டி இலை கெடையாது. எனக்குக் காலு போச்சு. பிள்ள படிக்கப் போயாச்சு. உள்ள ஓல மறைச்சு தனியா எடம் வச்சிருக்கேன். எறங்கி வரணும்."

"இந்த மண்ணுல நான் கால் குத்தினதில்ல பிள்ளே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ வழி தெரியாதவர் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் குத்திக் குத்தியாக்கும் அம்மா இப்பிடி ஆனேன்" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு திரும்ப எடுக்க முடியுமா?

கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த முகத்தைப் பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன முகம், வயதான முகம். கால் வைக்கப் படி தெரியாமல் தடுமாறினார். தோளைக் கொடுத்தேன். அவர் பின்னால் மருமகள்கள் இருவரும் யாரும் சொல்லாமலே குதித்து இறங்கிவிட்டார்கள். மறைப்புக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டேன். ரசத்தைக் கொண்டுவந்தபோது அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க கடையில ரசம் உண்டா பிள்ளே?"

"என்னைக்கும் உண்டும்மா. வண்டிக்குத்தான் வராது."

இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். மற்ற இரண்டு வண்டிகளும் சாப்பிடாமலே மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. பிறகு அவை வரவே இல்லை. என் வீட்டுக்காரர் ரோட்டில் நின்று அந்த இரண்டு வண்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேரூர் அம்மா இறங்கி வந்ததை அவர் பார்க்கவில்லை.

இருபது நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால், பெண்கள் பக்கத்து ஓலை மறைப்பை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். கடை நடந்தது, பஸ்காரர்களை வைத்து நன்றாகவே நடந்தது. பேட்டையில் மட்டும் கொழுஞ்சிச் செடி முளைத்தது. சாயங்காலமானால் அவர் அங்கே போய்த் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பிவிட்டு வருவார். எந்த மாட்டுக்கு என்று நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். நான் செய்தது தப்பு என்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் கஷ்டமாக இருக்கும்.

மகள் படித்து முடித்தாள். நாற்பதுகளின் தொடக்கத்தில் மார்த்தாண்டத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் விடுமுறைக்கு வந்தபோது இரண்டு பை நிறையப் புத்தகம் கொண்டுவந்தாள். அன்று சாயங்காலம், எத்தனையோ நாளுக்குப் பிறகு, ஒரு வில்வண்டி பேட்டையில் வந்து நின்றது. கிழக்கே எங்கேயோ உள்ள ஊர்க்காரர்கள், பழைய ஞாபகத்தில் திருப்பியிருக்கிறார்கள். திரைக்குள்ளே பெண்கள் இருந்தார்கள். மகள் அதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள்.

"யம்மா, வண்டி இலை! எவ்வளவு நல்ல காலம் அது! ஒரு அம்மை எங் கையப் புடிச்சுப் பேசினாங்கல்லா? நீ ஏன்தான் நிப்பாட்டினியோ. அன்னைக்கு நாகர்கோவில் போறது வரை பஸ்ஸுல அழுதேன், தெரியுமா ஒனக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. இவளுமா என்று இருந்தது. நாற்பது நாள் தட்டைத் தூக்கியவளுக்கு அது நல்ல காலம். என்னவெல்லாமோ வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கு இரண்டு பேரும் அழுதிருப்போம். சொல்லவில்லை. அவள் அதற்குள் இலையைப் போட்டு, சோறு எடுத்துவைத்து, சிரித்துக்கொண்டே வண்டிக்குக் கொண்டுபோனாள். திரைக்கு வெளியே நின்று ஏதோ பேசினாள். உள்ளே சிரித்தார்கள். சிரித்த முகத்தோடு வந்து, விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வண்டியிலிருந்து தண்ணீர் கேட்டுக் குரல் வந்தது. நான் மகளைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள். மறுபடியும் குரல் வந்தது. அப்போதும் அவள் தலை நிமிரவில்லை. அந்தக் குரலுக்கு எழுந்திருக்க அவள் உடம்பு பழகியிருக்கவில்லை. அது தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நான் யாரிடமும் சொன்னதில்லை. சத்தமில்லாமல் செம்பை எடுத்துக்கொண்டு நானே வண்டிக்குப் போனேன்.